தமிழ் தெரியாதவளாக இரண்டு மாதங்கள்

பேரங்காடிக்குள் என்னோடு வர என் கணவர் மறுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. காரை நிறுத்தியதும் நேராகக் கீழ்த்தளத்து உணவுக் கடைக்குப் போய், பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "நீ சாமான் வாங்கப் போறியா, ரோந்து போறியா?" என்று ஒருமுறை கேட்டார். கேட்டதில் தப்பில்லை.

மற்றவர்கள் சாமான் வாங்கும் விதம் எனக்குப் பொறுக்காது. முன்னால் இருக்கும் ரொட்டியை எடுக்காமல் தோள்வரை கையை உள்ளே விட்டுப் பின்வரிசையைத் துழாவுகிறவர்கள், திராட்சையைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு கடைசியில் ஒரு கொத்துகூட வாங்காமல் நகர்கிறவர்கள், இரண்டு டிராலிகளைக் குறுக்கே நிறுத்திவிட்டு யார் வீட்டுக் கல்யாணத்தையோ அலசுகிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்துப் பார்த்து எனக்குள் சூடு ஏறும். உறைந்த கோழியை வேண்டாம் என்று சவர்க்காரத் தட்டில் வைத்துவிட்டுப் போன ஒருவரை நான் பின்தொடர்ந்து போயிருக்கிறேன். "சார், இது உங்களோடது" என்று கோழியை அவர் கையில் கொடுத்தேன். அவர் முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டு, அதை வாங்கிக்கொண்டார். அன்று முழுக்க நான் மகிழ்ச்சியாக இருந்தேன். இப்போது நினைத்தால் அந்த மகிழ்ச்சிதான் கூசவைக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆகாதது பணம் கட்டும் வரிசையில் ஆளில்லாமல் நிற்கும் டிராலி. பாதி சாமானோடு அதைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்திவிட்டு, மீதியை வாங்க ஓடிவிடுவார்கள். டிராலி நமக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும். அதன் சொந்தக்காரர் மீன் பகுதியில் நின்று கெம்போங் மீனைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்படி ஒரு டிராலியின் பின்னால் நான் மாட்டிக்கொண்டேன். கூட்டமான நாள். டிராலியில் பெரிய அரிசிப் பை, நல்லெண்ணெய், மஞ்சள் தூள், சீரகம், ஒரு கட்டு முருங்கைக்கீரை. எனக்குப் பின்னால் ஒரு சீன அம்மா நின்றார். முன்னால் வரிசை நகர்ந்தது, டிராலி நகரவில்லை. அவர் அந்தச் சாமான்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"யுவர் ஃபேமிலி ஆ?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. மஞ்சள் தூளையும் என் முகத்தையும் பார்த்த யாருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. "நோ, நோ. ஐ டோன்ட் நோ தீஸ் பீப்பிள்" என்றேன். அந்த 'தீஸ் பீப்பிள்' எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்த வேகத்திலேயே டிராலியைப் பிடித்துத் தள்ளி, சாக்லெட் தட்டின் ஓரமாக நிறுத்திவிட்டு நான் முன்னேறினேன். சீன அம்மா சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

என் சாமான்களை நான் மேடைமேல் எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் ஓடிவந்தாள். நாற்பது வயது இருக்கும். தொழிற்சாலைச் சீருடைச் சட்டை, தலைமுடியைக் கிளிப்பில் அள்ளி முடிந்திருந்தாள். இரண்டு கைகளாலும் பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, அது நம்ம டிராலி அக்கா. நான் லைன்லதான் இருந்தேன். இது மட்டும் மேல அடுக்கி வச்சிருந்தாங்க, ஆளக் கூப்பிட்டு எடுக்க லேட் ஆயிருச்சி லா."

ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். தமிழில் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆனால் பின்னால் அந்தச் சீன அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். இவளோ கடை முழுக்கக் கேட்க என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள். நான் முகத்தில் எதுவும் காட்டாமல், "சாரி, ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் தமிழ்" என்றேன். டிராலியை இப்படி விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதையும் ஆங்கிலத்திலேயே, நிறுத்தி நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்.

நான் நிபோங் திபால் பக்கத்தில் பிறந்தவள். அப்பா எண்ணெய்ப்பனை லோரி ஓட்டியவர். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப் பள்ளியில் படித்தேன். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறேன். வீட்டில் கணவரோடு சண்டை போடுவதும் சமாதானமாவதும் தமிழில்தான். ஒரு தனியார் கல்லூரியின் பதிவு அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறேன் என்பது உண்மை. அதற்காகத் தமிழ் புரியாமல் போய்விடாது.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "சாரி... சாரி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு டிராலியைத் தேடிப்போனாள். வரிசையின் கடைசியில் போய் நின்றாள். கைப்பேசியில் யாரிடமோ பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்பா. இல்ல, சண்டையெல்லாம் இல்ல. ஒரு அக்கா, பாக்க நம்மாளு மாதிரி இருந்தாங்க, ஆனா பாவம், தமிழ் தெரியாது அவங்களுக்கு. நான்தான் கவனிக்காம போயிட்டேன்."

பாவம் என்று என்னைச் சொன்னாள். சாமான்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கணவரிடம் எதையும் சொல்லவில்லை.

அதோடு முடிந்திருந்தால் அதையும் நான் மறந்திருப்பேன். நான்கு நாள் கழித்து வேலை முடிந்து வந்து எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறினேன். கதவு மூடப் போகும்போது ஒரு சக்கர நாற்காலி உள்ளே வந்தது. அதில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். இடது கை மடியில் உயிரில்லாமல் கிடந்தது. தள்ளிக்கொண்டு வந்தவள் அவள்தான்.

என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. இப்போதும் எனக்கு விளங்காதது அந்த மலர்ச்சி. நான் அவளிடத்தில் இருந்திருந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருப்பேன்.

"ஹலோ சிஸ்டர்! யூ... ஸ்டே ஹியர்?"

"யெஸ்" என்றேன்.

"வீ ஆல்சோ! நியூ. நைன் ஃபுளோர்." ஒன்பது விரல்களைக் காட்டினாள். நானும் ஒன்பதாவது மாடி. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி அவர்கள் வாடகைக்கு வந்திருந்தார்கள். "மை ஃபாதர். ஸ்ட்ரோக். ஹாஸ்பிட்டல் நியர்."

பெரியவர் தலையை நிமிர்த்தி, கோணிய வாயால், "சாப்டியாம்மா?" என்று கேட்டார்.

"அப்பா, அவங்களுக்குத் தமிழ் தெரியாதுப்பா" என்றாள் மகள்.

லிஃப்ட் மெதுவாகத்தான் ஏறியது. ஒன்பது மாடி ஏறும் நேரம் ஓர் உண்மையைச் சொல்லப் போதும். நான் பெரியவரைப் பார்த்துப் புன்னகைத்தேன், மொழி தெரியாத வெளிநாட்டுக்காரி புன்னகைப்பதைப் போல.

அன்றிலிருந்து நான் என் சொந்த வீட்டில் ஒளிந்து வாழத் தொடங்கினேன். தமிழ்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தேன். தாழ்வாரத்தில் நின்று தங்கையோடு கைப்பேசியில் பேசுவதை நிறுத்தினேன். கணவரிடம் நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெளியே போகும்போது என்னோடு ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ பண்ண கூத்துக்கு நான் ஏன் ஊமையா நடக்கணும்? போய்ச் சொல்லிட்டு வா. ரெண்டு நிமிஷ வேலை."

"எப்படிச் சொல்றது?"

"பொய் சொன்னேன்னு சொல்லு."

அது என்னால் முடியவில்லை. அவர் என்னோடு சேர்ந்து லிஃப்டில் வருவதை விட்டுவிட்டார்.

அவளோ, மலாய் தெரிந்தும், நான் பேசிய மொழி என்பதால் என்னைக் காணும்போதெல்லாம் ஆங்கிலமே பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் கல்லைத் தூக்கி வைப்பதுபோல எடுத்து வைத்தாள். மழை பற்றி, ஆஸ்பத்திரிக் கூட்டம் பற்றி. ஒருநாள் கதவைத் தட்டி ஒரு தட்டில் கேசரி கொடுத்தாள். "திஸ் இஸ் இண்டியன் ஸ்வீட்" என்று விளக்கினாள். "சூஜி. கீ. வெரி நைஸ்." நான் அதை முதல்முறை பார்ப்பவள்போல, "ஓ, தேங்க்யூ" என்றேன். உள்ளே வந்ததும் என் கணவர் சோபாவிலிருந்து என்னைப் பார்த்தார். கேசரியை நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

காலையில் அவள் வேலைக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவாள். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா நடுவே ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் பெரியவர் தனியாக இரும்புக் கதவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து தாழ்வாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் நான் கடக்கும்போதெல்லாம் சாப்டியாம்மா என்பார். நான் தலையாட்டிவிட்டு நடையை எட்டிப் போடுவேன். பேச ஆளில்லாத ஒரு மனிதர் அவர். அவர் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரே மொழி எனக்கும் தெரியும்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் நான் விடுப்பில் இருந்தேன். மதியம் இரண்டு மணி வாக்கில் குப்பை போட வெளியே வந்தபோது அவர்கள் வீட்டிலிருந்து முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெரியவர் நாற்காலியிலிருந்து பாதி சரிந்திருந்தார். கைலி சக்கரத்தில் சிக்கியிருந்தது. நல்ல கையால் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். எதிர்வீடு பூட்டியிருந்தது. நல்லவேளையாக இரும்புக் கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது.

உள்ளே ஓடினேன். "ஐயா, பயப்படாதீங்க. என் கழுத்தப் பிடிச்சுக்குங்க. அந்தக் கை இல்ல, இந்தக் கை. மெதுவா. நான் மூணு சொன்னதும் காலை ஊணுங்க."

எனக்கே என் குரல் புதிதாகக் கேட்டது. நான் சொன்னபடியெல்லாம் அவர் செய்தார். எப்படியோ தூக்கி உட்காரவைத்து, கைலியை விடுவித்து, தண்ணீர் கொடுத்தேன். பாதி மோவாயில் வழிந்தது, துடைத்துவிட்டேன். மூச்சு நிதானமானதும் அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ... தமிழா?"

"ஆமாங்க ஐயா."

"எந்த ஊரு?"

"நிபோங் திபால் பக்கம்."

அவர் கண்ணில் நீர் நிறைந்தது. "நம்ம பக்கம்" என்றார். "நானு பைராம் தோட்டத்துல வேல செஞ்சேன். முப்பது வருசம்." நாக்கு ஒத்துழைக்காததால் ஒவ்வொரு சொல்லுக்கும் நேரமெடுத்தது. யார் மகள் என்று கேட்டார். லோரி ஓட்டிய என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோலத் தலையாட்டினார். மணி மூன்று ஆகப் போகிறது என்பதைக் கவனித்து நான் எழுந்தேன்.

அப்போது சொன்னதுதான் இந்தக் கதையில் நான் எழுதத் தயங்கும் இடம். "ஐயா, நான் வந்தத மககிட்ட சொல்ல வேணாம். விழப் பாத்தீங்கன்னு தெரிஞ்சா பயந்துருவா." அவள்மேல் இருந்த அக்கறைபோல அதைச் சொன்னேன். அவர் சரி என்றார். தகப்பன் விழப் பார்த்தது ஒரு மகளுக்குத் தெரிந்தாகவேண்டிய விஷயம். அதை நான் என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள மறைக்கச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துத் தாழ்வாரத்தில் அவள் என்னை நிறுத்தினாள். கண்கள் வீங்கியிருந்தன.

"சிஸ்டர், கேன் ஐ ஆஸ்க்? மை ஃபாதர்... ஹி சே யூ கம் இன்சைட். ஹி சே யூ டாக் தமிழ். சே யூ ஃப்ரம் நிபோங் திபால்." சிரிக்க முயன்றாள். "ஐ நோ, நாட் பாசிபிள். டாக்டர் டெல் பிஃபோர், ஸ்ட்ரோக் பீப்பிள், சம்டைம் பிரெய்ன் கோ லைக் தட். ஐ ஸ்கேர்ட். நெக்ஸ்ட் வீக் ஐ டேக் லீவ், பிரிங் ஹிம் டூ டாக்டர்."

பெரியவர் சொன்னது நேரான உண்மை. அதைப் பைத்தியக்காரப் பேச்சாக்கியது என் பொய்.

"ஓ... ஐ ஆம் சாரி டு ஹியர்" என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன். சொல்லிவிட்டு என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதினால் அது என்னை நல்லவளாகக் காட்டும். சாப்பிட்டேன். வேலைக்குப் போனேன். வரும்போது லிஃப்டைத் தவிர்த்து ஒன்பது மாடி படியேறி வந்தேன். மூன்றாம் நாள் மாலை, படியேறி மூச்சு வாங்க நின்றபோது, தாழ்வாரத்தில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒரு 'ஹலோ'வுக்குத் தயாராவது தெரிந்தது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "அவர் சொன்னது நிஜம். நான்தான் வந்தேன்."

அவள் கையிலிருந்த ஈரச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அக்கா... உங்களுக்கு..."

"தெரியும். தமிழ்ப் பள்ளியிலதான் படிச்சேன். ஊரும் அதேதான். அவரு நாற்காலியிலேருந்து சரிஞ்சிட்டாரு, தூக்கி உக்கார வச்சேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் கேட்டேன்."

"அப்ப அன்னிக்கு, சூப்பர்மார்க்கெட்ல?"

"அன்னிக்கும் தெரியும்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டாள். கேள்வி உண்மையான கேள்வியாக இருந்தது. அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"அவசரத்துல, கோவத்துல, வாய் தவறி..." என்று ஆரம்பித்தேன். அதுவும் பொய் என்று எனக்கே கேட்டதால் நிறுத்திக்கொண்டேன்.

"லிஃப்ட்ல உங்களப் பாத்தா பேசணுமேன்னு, சமைக்கிறப்பல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்குவேன்க்கா" என்றாள். "தப்பாப் பேசிறக் கூடாதேன்னு." பிறகு குரல் மாறியது. "அது பரவால்ல. அப்பாவ நான் திட்டிட்டேன். முந்தாநேத்து. உளறாதீங்கன்னு கத்திட்டேன். அவரு இல்லம்மா, நிஜம்மா, நிஜம்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அழுதாரு."

சட்டையைக் கொடியில் போட்டாள். மூன்றாவது முறைதான் கிளிப் மாட்டியது.

"நீங்களே வந்து அவருகிட்ட சொல்லுங்க" என்றாள்.

உள்ளே போனேன். பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். நாற்காலி எதையும் அவள் காட்டவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. "ஐயா, நீங்க சொன்னது எல்லாம் சரி. நான்தான் உங்க மககிட்ட பொய் சொல்லியிருந்தேன். தமிழ் தெரியாதுன்னு சொன்னேன். என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

என் மன்னிப்பு அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவர் என்னைத் தாண்டி, கதவருகில் நின்ற மகளைப் பார்த்தார். "நான் சொன்னேன்ல?" என்றார். கோணிய வாய் சிரிப்பில் இன்னும் கோணியது. "சொன்னேன்ல? நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்கப்பா" என்று சொல்லி அவள் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் திருந்தி வேறு மனுஷியாகிவிடவில்லை. ஆளில்லாத டிராலியைக் கண்டால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் தொடுவதில்லை. சனிக்கிழமைகளில் பெரியவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறேன். அவருக்குப் பேச ஆள் கிடைத்தது பெரிய சந்தோஷம். அந்த இரண்டு மாதம் அவர் நினைவில் இருக்கிறதா என்று தெரியவில்லை, நானும் கேட்டதில்லை. அந்த நேரத்தில் மகள் கடைக்குப் போய்விடுவாள். அவரை நான் பார்த்துக்கொள்வேன் என்று நம்பிப் போகிறாளா, என்னோடு ஓர் அறையில் இருக்க விருப்பமில்லாமல் போகிறாளா என்பதை என்னால் சொல்ல முடியாது. பார்த்தால் பேசுவாள், தமிழில்தான், தேவையான அளவுக்கு. அக்கா என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் பிறகு கேட்கவில்லை.

சென்ற மாதம் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கையில் மருத்துவமனைப் படிவம் ஒன்று. பெரியவரைப் பகல்நேரப் பயிற்சிக்குச் சேர்க்கிறார்களாம். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது, நிரப்பித் தர முடியுமா என்று கேட்டாள். வாசலில் நின்றபடியே அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவசரத்துக்குக் கூப்பிட இரண்டு பேரின் விவரம் கேட்டிருந்தது. முதலில் அவள். இரண்டாவது இடத்தில் பேனாவை நிறுத்தி, யாரைப் போடுவது என்று பார்த்தேன்.

"உங்க நம்பரப் போடுங்க" என்றாள். "நான் வேலையில போன் எடுக்க முடியாது. நீங்கன்னா அவரு பேசறது விளங்கும்."

எழுதினேன். பக்கத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அவளிடம் படித்துக் காட்டினேன்.

அவள் சற்று யோசித்தாள். "பக்கத்து வீடுன்னு போட்டுருங்க" என்றாள்.

அப்படியே போட்டேன்.